கற்பிட்டிக் களப்பில் காற்றும் செட்டையும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் வீதியில், புத்தளம் நகருக்குச் சற்று முன்னதாகவே பாலாவிச் சந்தி வரும். அங்கே இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். சந்தியிலிருந்து முனைவரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். இடது கைப்பக்கம் இந்து சமுத்திரம், வலது கைப்பக்கம் புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைகின்றன. நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். மாம்புரிப் பக்கம் 2010ஆம் ஆண்டிலிருந்து காற்றாலைகள் சுழல்கின்றன. தலவிலவில் புனித அன்னம்மாள் திருத்தலம். முனையில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை. முருகைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கொண்டு எழுப்பிய மதில் இன்னும் நிற்கிறது. வீதியோரம் எங்கு பார்த்தாலும் கருவாடு காய்கிறது. அந்த வாடை மூக்கில் ஏறினால், கற்பிட்டி வந்துவிட்டது என்று பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

இந்தத் தீபகற்பத்துப் பாடசாலை ஒன்றில் 2003 தொடக்கம் 2009 வரை நான் கணிதம் படிப்பித்தேன். அக்காலத்தில் காற்று என்றால் எங்களுக்குத் தொல்லை. மே மாதம் பிறந்ததும் தென்மேற்கிலிருந்து எழும்பும் காற்று ஒக்டோபர் வரை ஓயாது. கச்சான் என்றும் சோளகம் என்றும் நம்மவர்கள் பெயர் வைத்திருக்கும் அந்தக் காற்று வகுப்பறைக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டும். கரும்பலகையில் எழுதியதைத் துடைக்காமலே அழித்துவிடும் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். வெளிக்கடல் கொந்தளிப்பதால் சிறிய படகுக்காரர்களின் வருமானமும் குறைந்துவிடும்.

அதே காற்றைத் தேடி இன்று ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் விமானமேறி வருகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும் நாட்களில் டொல்பின் பார்க்க வருவோர் ஒரு கூட்டம். மே முதல் ஒக்டோபர் வரை காற்றுக்கு வருவோர் இன்னொரு கூட்டம். ஒரே ஊருக்கு இரண்டு பருவம், இரண்டு விருந்தாளி.

காற்றுக்கு வருவோரில் பெரும்பாலானோர் முன்பு பட்டத்தில் தொங்கிக்கொண்டு பலகையில் வழுக்குகிறவர்களே. கைட் சேர்ஃபிங் என்பார்கள். கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக வேறொன்று களப்பில் தெரிகிறது. விங் ஃபொயிலிங் என்று அதற்குப் பெயர். ஆளின் கையில் காற்றடித்த ஒரு செட்டை. அது பட்டம் போலத் தூரத்தில் கயிற்றில் பறப்பதில்லை. கைபிடிகளைப் பிடித்துத் தலைக்கு மேலே ஏந்திக்கொள்வது. காலின் கீழ் ஒரு பலகை. பலகையின் அடியில் முக்கால் மீற்றர் அளவில் ஒரு தூண். தூணின் அடியில் ஒரு சின்ன விமானத்தைப் போல முன்னும் பின்னும் இறக்கைகள். பலகை வேகம் பிடித்ததும் தண்ணீருக்குள் இருக்கும் அந்த இறக்கைகள் பலகையையும் ஆளையும் மேலே தூக்கிவிடும். பலகை தண்ணீரில் முட்டாமல், சத்தமில்லாமல், முழங்கால் உயரத்தில் மிதந்து போகும். முதன்முதல் பார்த்தபோது கண்கட்டு வித்தையோ என்றுதான் எண்ணினேன். கையில் பிடிக்கும் செட்டையைப் பாய்ப்பலகைக்காரர் சிலர் 1980களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். காற்றடிக்கும் செட்டை 2019ஆம் ஆண்டளவில் கடைக்கு வந்த பிறகுதான் இது உலகெங்கும் பரவியது.

நான் கற்பிட்டிக்குப் போனது இந்த வித்தையைப் பார்க்க அல்ல, என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தியைப் பார்க்க. அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. களப்போரத்தில் உள்ள விடுதியொன்றில் கணக்கெழுதப் போனவள், அங்கேயே செட்டை பிடிக்கப் பழகி, இன்று புதிதாக வரும் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் உதவிப் பயிற்றுநராக இருக்கிறாள். "டீச்சர், ஓகஸ்ட்ல வாங்க. காற்று நல்லம். எங்கட வீட்டில ஒரு வழக்கு இருக்கு, நீங்களும் இருந்தா நல்லம்" என்று தொலைபேசியில் சொன்னாள். என்ன வழக்கு என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

வழக்கு இதுதான். அவளுடைய சாச்சியின் மகள் பதினேழு வயதுப் பிள்ளை. ராத்தாவைப் போலத் தானும் பழக வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டுக்குப் பெரியவரான உம்மும்மா ஒத்துக்கொள்ளவில்லை. மூத்தவள் பழகியது அவருக்குத் தெரியாமலே நடந்த காரியம். இரண்டாவதும் அப்படி நடக்கக்கூடாது என்பதில் மூத்தவளே உறுதியாக இருந்தாள். "உம்மும்மா ஓம் எண்டாத்தான் தங்கச்சிய இறக்குவன்" என்றாள்.

உம்மும்மாவின் பயத்தை வயதானவர்களின் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. அவர் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது மன்னார் எருக்கலம்பிட்டியில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவின் சனங்களில் பெருந்தொகையானோர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினர். அவர்களில் அவரும் ஒருவர். கையில் இரண்டு பிள்ளைகள், ஒரு பொட்டலம். படகு மாறி ஏறும்போது முன்னால் நின்ற ஒரு பெண் கால் தவறித் தண்ணீரில் விழுந்தாராம். ஆழமில்லை, காற்றுமில்லை, சுற்றிலும் ஆட்கள். அப்படியிருந்தும் அவரைத் திரும்ப ஏற்ற நாலு ஆண்கள் பட்ட பாட்டை அவர் எனக்குச் சொன்னார். ஊறிய சேலை கல்லைப் போல இழுத்தது. படகின் விளிம்பு உயரம். பிடித்த கை வழுக்கியது. "தண்ணில விழுறது ஒரு நொடி டீச்சர். விழுந்தவள ஏத்துறதுதான் நேரம்" என்றார்.

அவர் கேட்ட கேள்வியும் அதுவே. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. "நடுக் களப்பில தனிய விழுந்தா ஆரு ஏத்துறது?"

இந்த விளையாட்டின் முடிச்சு முழுவதும் அந்தக் கேள்வியில்தான் கிடக்கிறது என்பதை அடுத்தநாள் காலையில் அறிந்துகொண்டேன்.

கரையில் மணலில் பலகையை வைத்து அவள் எனக்கு விளக்கினாள். கீழே உள்ள தூணைக் கழற்றிவிட்டிருந்தாள். முதல் நாட்களில் பிள்ளைகளுக்கும் இப்படித்தான், வெறும் பலகையோடு பழக்குவாளாம். உடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பெண்கள் பலரும் கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் மீன் காயவைத்து, நீந்தத் தெரியாமலே கிழவியாகிறோம். உடுப்பைப் பற்றிய கூச்சம் அதற்கு ஒரு காரணம். இவள் உடுத்திருந்தது கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய நீச்சலுடை, தலைமூடி, அதற்கு மேலே ஹெல்மெட், மார்பில் தடித்த உயிர்காப்பு அங்கி. வெள்ளைக்காரப் பெண்கள்கூட வெயிலுக்குப் பயந்து கையும் காலும் மூடிய உடையைத்தான் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று தந்தாள். ஐம்பத்துநான்கு வயதில் அதை இழுத்து மாட்டியதே அன்றைய முதல் தேகப்பயிற்சி.

ஆளோடு இரண்டு கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். ஒன்று பலகையிலிருந்து கெண்டைக்காலுக்கு. மற்றது செட்டையிலிருந்து மணிக்கட்டுக்கு. சிலர் இடுப்பில் கட்டுவார்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் செட்டையை உடனே விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டு விழுந்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். விட்டுவிட்டால் கயிற்றின் நீளத்துக்குப் போய்த் தண்ணீரில் சும்மா கிடக்கும். விழும்போது பலகையை விட்டு விலகி, தட்டையாக விழ வேண்டும். தலைகீழாகப் பாயக்கூடாது, காலை ஆழமாக விடவும் கூடாது. கீழே இருக்கும் இறக்கைகளின் ஓரம் கத்தியைப் போன்றது. மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு வர வேண்டும்.

"அதுக்குப் பிறகு முதல்ல பலகை, பிறகு செட்டை. செட்டை காற்றோட போற சாமான் டீச்சர், கயிறு இருக்கு, எங்கயும் போகாது. பலகைதான் எங்கட தோணி. தோணியப் பிடிச்சிட்டா மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்."

கேட்க இலகுவாக இருக்கிறது. தண்ணீருக்குள் போய் நின்றபோதுதான் சங்கதி விளங்கியது. நாங்கள் நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர். மணல்திட்டைத் தாண்டி வரும் காற்றுக்கு அலை எழுப்ப இடமில்லாததால் நீர் தட்டையாகக் கிடந்தது. ஆனால் காற்று கன்னத்தில் அறைந்தது. மணிக்கு 30 முதல் 45 கிலோமீற்றர்வரை வீசும் காற்று அது. அத்தகைய காற்றில் ஐந்து சதுர மீற்றர் சீலையைக் கையில் வைத்திருப்பது, ஒரு பெரிய படுக்கை விரிப்பைக் கொடியில் போடும்போது காற்று பறித்துக்கொண்டு போகுமே, அதன் பத்து மடங்கு.

பலகையைக் காற்றுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். காற்று ஒரு விலாவில் மோத வேண்டும். செட்டை எப்போதும் காற்று போகும் பக்கம் கிடக்க வேண்டும், பலகைக்கு அப்பால். இதில் அவள் மிகக் கண்டிப்பு. பலகை நழுவிக் காற்றோடு போய்ச் செட்டையின் மேல் ஏறினால், அடியிலுள்ள இறக்கை செட்டையைக் கிழித்துவிடும். ஆகவே ஒரு கை எந்நேரமும் பலகையில். பலகை குப்புறக் கிடந்தால் ஒரு ஓரத்தை அமுக்கி மறு ஓரத்தைத் தூக்கிப் புரட்ட வேண்டும். தூணைப் பிடித்தும் புரட்டலாம், ஆனால் இறக்கையில் கைபடாமல்.

அடுத்ததுதான் செட்டையின் கதை. பலகையில் ஏறும்போது செட்டையை என்ன செய்வது? இரண்டு விதமாகப் பழக்குகிறார்களாம். ஒன்று, செட்டை நேராகக் கிடக்க, அதன் முன்விளிம்பின் நடுவிலுள்ள கைபிடியை ஒரு கையால் பற்றியபடியே ஏறுவது. மற்றது, செட்டையை மல்லாத்திப் போட்டுவிட்டு ஏறுவது. மல்லாந்து கிடக்கும் செட்டையின் சீலை தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் அகப்படாது. அது துள்ளாமல் நங்கூரத்தைப் போலக் கிடக்கும். காற்று பலத்தால் இவள் இரண்டாவது வழியையே சொல்லிக்கொடுக்கிறாள். புதிதாகப் பழகும் பெண்களுக்கு இரு கைகளும் வேண்டும் என்பது அவளுடைய நியாயம். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் கதவைத் திறக்கும் வேலை நமக்குப் பழக்கம்தான். ஆனாலும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட முடியுமென்றால் போட்டுவிட்டுத் திறப்பதே நல்லது.

ஏறுவதற்குக் கைப்பலம் மட்டும் போதாது. கைகளைப் பலகையின் மேல் வைத்து உன்னினால் பலகை நம் பக்கம் சரியும், நாமும் கீழே போவோம். முதலில் கால்களை அடித்து உடலைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். உடல் படுத்தபடி வந்ததும் வயிறு தானாகப் பலகையில் ஏறும். பிறகு ஒரு முழங்கால், அடுத்து மறு முழங்கால். பலகையின் நடுவே தூக்கிச் செல்வதற்கு ஒரு கைபிடி இருக்கும். அதன் இரு புறமும் முழங்கால்கள் வந்தால் பலகை ஆடாது. பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் பலகை பெரியது. ஆளின் நிறையைவிட முப்பது நாற்பது லீற்றர் கூடுதலாக மிதப்புள்ளது. எனவே என்னைப் போன்ற ஆளையும் அது தாங்கியது.

முழங்காலில் நின்றேன். சுற்றிலும் காற்று. அந்த உயரத்திலிருந்து களப்பு வேறு மாதிரித் தெரிந்தது. தூரத்தில் ஒரு தோணிக்காரர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். "இப்ப செட்டைய எடுங்க டீச்சர். அவசரமில்ல, அது உங்களுக்குக் காவல் இருக்கு."

கயிற்றை மெல்ல இழுத்துச் செட்டையின் முன்விளிம்பைப் பிடித்தேன். மல்லாந்து கிடந்ததன் ஒரு முனையைச் சாண் அளவு உயர்த்தினேன். அவ்வளவுதான், அடியில் புகுந்த காற்று அதைத் தானே புரட்டிவிட்டது. நம் பலம் தேவையில்லை. முன் கைபிடியில் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தியபோது செட்டை கொடியைப் போலப் படபடத்தது. இழுவை இல்லை. இது இந்தச் செட்டையின் பெரிய குணம். முன் கைபிடியில் மட்டும் பிடித்தால் சாதுவாக நிற்கும். மறு கையால் பின் கைபிடியைப் பற்றி உடலை நோக்கி இழுத்தால் காற்றைக் குடித்துப் பலம் கொள்ளும். பின் கையைத் தளர்த்தினால் அந்தக் கணமே அடங்கும். விளக்கின் திரியைக் கூட்டிக் குறைப்பது போல. செட்டையைத் தாழ்த்திப் பிடித்தால் காற்றுப் போகும் பக்கத்து முனை தண்ணீரில் குத்தும். குத்தினால் செட்டை கவிழும், ஆளும் கவிழ்வார். ஆகையால் கைகள் எப்போதும் உயர. கண் காலைப் பார்க்கக்கூடாது, கரையைப் பார்க்க வேண்டும்.

பின் கையை இழுத்தேன். பலகை முழங்காலின் கீழ் நகர்ந்தது. ஐம்பது மீற்றர் இருக்கும், முழங்காலிலேயே போனேன். பலகை நகரத் தொடங்கியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது, சைக்கிளைப் போல. அவள் கூடவே தண்ணீரில் நடந்து வந்தாள். எழுந்து நிற்கும் ஆசை எனக்கில்லை. அந்த ஐம்பது மீற்றர் எனக்குப் போதும்.

உம்மும்மாவின் வழக்கு அன்று பின்னேரம் எடுக்கப்பட்டது. பேரன் முச்சக்கரவண்டியில் அவரைக் கரைக்குக் கூட்டிவந்தான். பிளாஸ்டிக் கதிரை போட்டு, காற்று விழாத இடமாகப் பார்த்து உட்காரவைத்தோம். கையில் தஸ்பீஹ் மணி. பதினேழு வயதுக்காரி அவர் பக்கத்தில் மணலில் குந்தியிருந்தாள், ஒரு சொல் பேசவில்லை.

மூத்தவள் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாட்டி சொன்னார்: "ஓடிக் காட்டாத. விழுந்து காட்டு."

அவள் போனாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பலகை தண்ணீரை விட்டு எழும்பியது. கரையிலிருந்து முந்நூறு மீற்றர் தூரம் போயிருப்பாள். அங்கே ஆழம் அதிகம், நிலம் காலுக்கு எட்டாது. கையை ஒருமுறை உயர்த்திக் காட்டிவிட்டுச் செட்டையை விட்டாள். விழுந்தாள். ஹெல்மெட்டின் சிவப்புப் புள்ளி ஒன்றுதான் தெரிந்தது.

உம்மும்மாவின் விரல் மணிகளை உருட்டத் தொடங்கியது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு திக்ர். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதா அவர் விரலைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தேன். நாற்பத்திரண்டாவது மணியில் அவள் முழங்காலில் தெரிந்தாள். செட்டை உயர்ந்தது. ஓடினாள். மறுபடி விழுந்தாள். முப்பத்தாறு. மூன்றாவது முறை முப்பத்தொன்று. "கெட்டிக்காரி" என்று நான் மெல்லச் சொன்னேன். பாட்டி வாய் திறக்கவில்லை.

நாலாவது முறை விழுந்தபோது நாற்பது கடந்தது, ஐம்பது கடந்தது. சிவப்புப் புள்ளி பலகையின் பக்கத்திலேயே நின்றது, மேலே ஏறவில்லை. பலகை குப்புறப் புரண்டு அதன் தூண் வானத்தைப் பார்த்து நின்றது. செட்டை ஒரு பக்கம் எழுந்து எழுந்து விழுந்தது. மணி ஒரு சுற்று முடிந்து, தொண்ணூற்றொன்பதைத் தாண்டி, இரண்டாம் சுற்றுக்குப் போனது. சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். கரையில் காவலுக்கு இருந்த இளைஞன் இயந்திரப் படகின் பக்கம் நடந்தான். உம்மும்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். காற்றில் அவருடைய முக்காடு பறந்தது, அதை இழுத்துவிடக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு பலகை புரண்டு நேரானது. அவள் வயிறு, முழங்கால் என்று ஏறினாள். செட்டை மேலே வந்தது. இரண்டாம் சுற்றில் பத்தொன்பதாவது மணி.

ஐந்தாவது விழுகைக்கு அவள் போகவில்லை. நேரே கரைக்கு வந்தாள். பாட்டி எப்படியும் கேட்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியபடியே மணலில் அமர்ந்து, பலகையைத் திருப்பிவைத்து, செட்டைக் கயிற்றைத் தூணில் ஒருமுறை சுற்றிக் காட்டினாள்.

"இப்பிடித்தான் சுத்திக்கொண்டது உம்மும்மா. சுத்தின கயிற்றோட ஏறினா, செட்டை எழும்பக்குள்ள பலகையப் புரட்டிப்போடும். அதால ஏறல்ல. பலகையக் கவிழ்த்து, தூணை மேல கொண்டுவந்து, கயிற்றைக் கழட்டிட்டு ஏறினன்."

"கழட்டேலாமப் போனா?"

"மணிக்கட்டில இருக்கிற பட்டிய உரிச்சா செட்டை போயிடும். செட்டை போனாலும் பலகை இருக்கு. பலகையில படுத்துக் கையால வலிச்சு வருவன்."

"காற்றுச் செத்துப்போனா?"

"அதுக்கும் அப்பிடித்தான். செட்டைய மல்லாத்திப் பலகைக்குப் பின்னால போட்டு, அதுக்கு மேல பாதி உடம்பு படுத்து வலிச்சு வாறது. காற்றுக் கரையில இருந்து வெளிய அடிக்கிற நாள்ல நாங்க இறங்கமாட்டம். தனியவும் இறங்கமாட்டம்."

உம்மும்மா கயிற்றைத் தம் கையில் வாங்கினார். தூணில் தாமே ஒருமுறை சுற்றினார், கழற்றினார். இன்னொரு முறை வேறு பக்கமாகச் சுற்றி அவளிடம் நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றினாள். மணிக்கட்டுப் பட்டியையும் உரித்துக் காட்டச் சொன்னார். ஒரே இழுவையில் உரிந்தது. அவர் தலையசைத்தாரோ இல்லையோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெயில் கண்ணுக்கு நேரே இருந்தது.

இந்த இடத்தில் களப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே விளையாட வருவோருக்கும் தொழிலுக்குப் போவோருக்கும் ஒரே தண்ணீர். பட்டக்காரரின் கயிறுகள் இருபது மீற்றர், அதற்கும் மேலே நீளம். ஓர் ஆள் பிடிக்கும் இடம் அதிகம். செட்டைக்காரருக்கு அந்தக் கயிறுகள் இல்லை, வலைக்குப் பக்கத்தில் வந்தாலும் விலகிப்போவது இலகு என்று அந்தத் தோணிக்காரர் சொன்னார். பதினான்கு தீவுகளைச் சேர்த்துச் சுற்றுலா வலயம் அமைக்கும் திட்டம் வந்த நாளிலிருந்து வேலிகளைப் பற்றியும் கரைக்குப் போகும் பாதைகளைப் பற்றியும் இங்கே பேச்சு ஓயவில்லை. அது நியாயமான பேச்சு. விடுதி கட்டுகிறவர்கள் வள்ளம் இழுக்கும் பாதையை விட்டுக் கட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. ஊரின் பெண்பிள்ளைகள் அந்த விடுதிகளில் துணி துவைக்கவும் கூட்டவும் மட்டும்தான் போக வேண்டுமா என்பதும் என் கேள்வி.

போக விரும்பும் சகோதரிகளுக்கு: கொழும்பு, புத்தளம் இரண்டிலிருந்தும் பஸ் உண்டு. கோட்டையைக் காலையில் பாருங்கள். 1992இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட பார் றீஃப் பவளப்பாறைகளுக்குப் படகில் போவதானால் காற்றில்லாத மாதங்களே நல்லது. களப்பில் இறங்குவதானால் காலுக்கு இறப்பர்ச் சப்பாத்து அவசியம். நீந்தத் தெரியாதவர்கள் முதலில் நீச்சலைப் பழகுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்காமல் நேரே செட்டையைக் கையில் தருகிற இடத்துக்குப் போக வேண்டாம்.

அன்றிரவு அவர்கள் வீட்டில் சோறும் மீன் ஆணமும். பதினேழு வயதுக்காரி பரிமாறினாள். வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியபோது உம்மும்மா மூத்தவளைப் பார்த்து, "அவளுக்கு அந்தத் தலைச் சட்டி கொள்ளுமா?" என்று கேட்டார். ஹெல்மெட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் இடுப்பளவு உள்ள இடத்தில் சின்னவளை இறக்கினார்கள். செட்டை இல்லை, தூண் இல்லை. வெறும் பலகை. விழு, ஏறு, விழு, ஏறு. காலை அடிக்காமல் கையால் உன்னும்போதெல்லாம் பலகை அவளைக் கவிழ்த்தது. மூத்தவள் சிரிக்காமல் நின்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். கரையில் கதிரை இருந்தது. உம்மும்மாவும் இருந்தார், மணிகளோடு. நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது இருபத்தாறாவது தடவை ஏறிக்கொண்டிருந்தாள்.

"எப்ப செட்டை குடுப்பீங்க?" என்று மூத்தவளிடம் கேட்டேன்.

"ஐம்பது முறை ஏறட்டும் டீச்சர்" என்றாள். கதிரையிலிருந்து குரல் வந்தது: "நூறு."